முழங்கால் என்றுதான் சொன்னேன்

லைன் வீட்டில் வளர்ந்த என் வயதுப் பெண்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஒரே நீளக் கூரை, அதன்கீழ் வரிசையாகக் கதவுகள், எதிரே அதேபோல் இன்னொரு வரிசை, நடுவே ஒரு சந்து. பாத்திரம் கழுவுவது, தலை வாருவது, வீட்டுப்பாடம் எழுதுவது, சண்டை போடுவது எல்லாம் அந்தச் சந்தில்தான். அங்கே ஒருத்தி உட்கார்ந்தால் எல்லார் வாசலுக்கும் எதிரே உட்கார்ந்ததாக அர்த்தம். அதனால்தான் நமக்கு நடக்கச் சொல்லிக்கொடுத்ததைவிட உட்காரச் சொல்லிக்கொடுத்தது அதிகம். பாவாடையை எங்கே செருகுவது, எந்தக் காலை முதலில் மடக்குவது, ஆண் யாராவது சந்துக்குள் நுழைந்தால் எப்படி எழுந்திருப்பது. இந்தப் பாடங்கள் உங்களுக்கும் நடந்திருக்கும்.

எனக்கு இப்போது முப்பது தாண்டிவிட்டது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகத் தாண்டிய முதல் ஆள் நான். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அப்பா தன் பெயரை மட்டும் எழுதுவார், அதிலும் கடைசி எழுத்து மேலே ஏறிவிடும். நான் பிசியோதெரபி படித்துப் பட்டம் வாங்கினேன். மனித உடம்பின் மூட்டுகளைத் தொட்டுப் பார்த்து, எது எவ்வளவு அசைகிறது, எங்கே முட்டி நிற்கிறது என்று சொல்வது என் தொழில். இதைச் சொல்லும்போது எனக்குத் தலை தானாக நிமிரும். அதை மறைக்க மாட்டேன். ஆனால் இங்கே எழுதுவது தலை நிமிர்கிற விஷயம் இல்லை. பன்னிரண்டு வயதில், சித்திரையில் ஆரம்பித்து ஆடிக்காற்று அடித்து ஓயும் வரைக்கும் நான் தலை குனிந்தே இருந்தேன். அந்தக் காலத்தைப் பற்றியது இது.

மூட்டு என்ற சொல் எனக்கு உடம்பிலிருந்து வரவில்லை, மிஷினிலிருந்து வந்தது. அம்மா ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷின் ஓட்டினாள். "இன்னிக்கு முழுக்க சோல்டர் மூட்டுனேன்" என்பாள். முன்பக்கத் துணியையும் பின்பக்கத் துணியையும் தோளில் சேர்த்துத் தைப்பதுதான் மூட்டுவது. பிறகு கை மூட்ட வேண்டும், அப்புறம் பக்கவாட்டில் மூட்ட வேண்டும். யாராவது மூட்டு வலி என்று சொன்னால் அவர்களுக்கு எந்த இடத்தில் தையல் பிரிந்தது என்று நான் யோசித்திருக்கிறேன்.

அந்த வருடப் பரீட்சை லீவில் அம்மா கம்பெனியிலிருந்து பண்டல் பண்டலாகப் பனியன்களைப் பிசிர் வெட்டக் கொண்டுவந்தாள். தைத்த இடங்களில் தொங்கும் நூல்களை வெட்டி எடுக்கும் வேலை. அதற்கென்று ஒரு குட்டிக் கத்தரி உண்டு. விரல் நுழைக்க வளையம் இருக்காது. உள்ளங்கையில் வைத்து அமுக்கினால் வெட்டும், விட்டால் திறந்துகொள்ளும். என்னுடையதன் பிடியில் அப்பா சிவப்பு ஒயர் சுற்றிக் கொடுத்திருந்தார். வீடு மாறும்போது எங்கோ போய்விட்டது. புதுத் துணியின் வாசம், சாயமும் சோப்பும் சூடும் கலந்த அந்த வாசம், எங்கள் சோற்றிலும் இருந்தது. மதியம் சந்தில் வெயில் இறங்கியதும் பெண்கள் எல்லாரும் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து வெட்டுவோம். மடியில் விழுந்த நூலை ஊதிவிட்டால் எதிர் வரிசைப் பெண்ணின் தலையில் போய் உட்காரும்.

"பெருசா ஊதாத, உன்ற மூச்சுக்கு என்ற ஊடே பறந்துரும்" என்பாள் பக்கத்து வீட்டு அக்கா. நான் குண்டாக இருந்தேன். சந்தில் எல்லாருக்கும் நான் குண்டு கண்ணுதான்.

வலி எப்போது வந்தது என்று தெரியவில்லை. ஒரு நாள் தண்ணீர்க் குடம் தூக்கி வரும்போது இடது முழங்காலில் இருந்தது. பிறகு போயிற்று. பிறகு வந்தது. மாலையில் கூடும், காலையில் குறையும். நடக்கும்போது இடது பாதம் வெளிப்பக்கம் பார்த்துத் திரும்பிக்கொள்ளும். வாத்து நடை என்றார்கள் பிள்ளைகள்.

இன்னொரு வலியும் இருந்தது. முழங்காலுக்கு மேலே, வெகு மேலே, தொடை உடம்போடு சேரும் இடுக்கில். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த இடத்துக்கு என்னிடம் பெயர் இல்லை. இருந்த பெயர்கள் எல்லாம் சண்டையில் ஆண்கள் கத்துகிறவை. அம்மாகூட என்னைக் குளிப்பாட்டும்போது "அங்க நல்லா தேச்சுக்க" என்றுதான் சொல்வாள். அங்கே வலிக்கிறது என்று ஒரு பெண்பிள்ளை எப்படிச் சொல்வாள்? முழங்காலுக்குப் பெயர் உண்டு. அதைச் சந்தில் உரக்கச் சொல்லலாம். எனவே முழங்கால் என்றுதான் சொன்னேன்.

நடந்தது இதுதான், இப்போது எனக்குத் தெரியும். இடுப்பு மூட்டு என்பது ஒரு கிண்ணமும் அதில் சுழலும் ஒரு பந்தும். பந்து, தொடை எலும்பின் தலை. வளரும் வயதில் அந்தத் தலையும் அதன் கழுத்தும் ஒரே எலும்பாக இருப்பதில்லை. இடையில் குருத்தெலும்பாலான ஒரு மெல்லிய தட்டு இருக்கும். வளர்ச்சி அங்கேதான் நடக்கிறது. சில பிள்ளைகளுக்கு, முக்கியமாக எடை கூடிய பிள்ளைகளுக்கு, அந்தத் தட்டு பாரம் தாங்காமல் இளகும். கட்டிங் மேசையில் அடுக்கி வைத்த துணியில் மேல் அடுக்கு மெல்ல நகர்ந்தால் எதுவும் கிழியாது, வெட்டிய பிறகுதான் கோணல் தெரியும். அதேபோல், எதுவும் முறியாமல், எலும்பு நகர்ந்துகொண்டே இருக்கும். இடுப்பு மூட்டுக்குப் போகும் நரம்பின் கிளையே முழங்காலுக்கும் போவதால் பல சமயம் வலி முழங்காலில்தான் தெரியும். லைன் வீட்டில் ஒரு வீட்டில் ஒயர் உரசினால் அடுத்த வீட்டில் விளக்கு அணையும், பார்த்திருப்பீர்கள். நேரத்தோடு கண்டுபிடித்தால் ஒரு திருகாணியில் நின்றுவிடும். விட்டுவிட்டால் ஒரு சின்னத் தடுக்கலில் தலை முழுதாக நழுவலாம், ரத்த ஓட்டம் நின்று எலும்பே செத்துப்போகலாம். நான் பிசிர் வெட்டிக்கொண்டிருந்த அந்த லீவில் என் கால் அந்த விளிம்பில்தான் இருந்தது.

ஆனால் சந்தில் யாரும் என் நடையைப் பற்றிக் கவலைப்படவில்லை. அவர்கள் பார்த்தது நான் உட்காருவதை.

காலை மடக்கி உட்கார்ந்தால் என் இடது முழங்கால் வெளிப்பக்கம் சாய்ந்துவிடும். இரண்டு முழங்காலையும் சேர்த்து நிறுத்தி, அதன்மேல் துணியை வைத்து எல்லாரும் வெட்டுவார்கள். எனக்கு வலது முழங்கால் நிற்கும். இடது முழங்கால் தானாகத் திறந்து போகும். பாவாடை கூடாரம் மாதிரி விரியும். நான் இழுத்துச் சேர்ப்பேன். கத்தரியில் கவனம் போனதும் மறுபடி திறந்துகொள்ளும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், லைன் வீடுகளுக்குச் சொந்தக்காரியான வீட்டுக்காரம்மா வந்தார், வாடகை வாங்க இல்லை, சும்மாதான். சந்தின் தொடக்கத்தில் நின்று எல்லாரையும் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, குரலைக் கூட்டாமல், எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"ஏனம்மிணி, பொட்டப்புள்ளைக்கு உக்காரச் சொல்லித் தரலியா? கதவத் தொறந்து போட்டாப்பல உக்காந்திருக்குது."

"இல்லீங்க, சொல்லிட்டுத்தானுங்க இருக்கறேன். கேக்கறதில்லீங்க."

"வயசுக்கு வர்ற புள்ள. நாலு பேர் போற எடம். நான் சொல்றது உனக்குக் கசக்கும்."

"கசக்கலீங்க. நீங்க சொல்றது நல்லதுக்குத்தானுங்க."

பக்கத்து வீட்டு அக்கா சிரிப்பை அடக்கக் குனிந்து நூலைத் தேடினாள். எனக்குக் காது சுட்டது. முழங்காலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துச் சேர்த்தேன். இடுக்கில் ஊசி இறங்கியது. சேர்த்தபடியே வைத்திருந்தேன்.

அன்றிலிருந்து அம்மாவுக்கு அதுவே வேலையாயிற்று. "ஒடுக்கி உக்காரு." "காலை ஒடுக்கு." "ஒடுக்கு கண்ணு." சாப்பிடும்போது, படிக்கும்போது, தலையில் எண்ணெய் வைக்கும்போது. ஒரு பனியன் துண்டை மடித்து என் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வைப்பாள். அது கீழே விழாமல் பிசிர் வெட்ட வேண்டும். விழுந்தால் தொடையில் ஒரு கிள்ளு. கிள்ளிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று அவளே சுற்றிப் பார்ப்பாள். அம்மா கொடுமைக்காரி இல்லை. ஓவர்லாக் பெடலை மிதித்து மிதித்து வீங்கிய காலோடு வந்து எனக்குத் தலை வாரிவிடுகிறவள். ஆனால் எழுத்து தெரியாத ஒருத்தி அந்தச் சந்தில் தலைநிமிர்ந்து நிற்க மகளின் அடக்கம் ஒன்றுதான் அவள் கையில் இருந்தது. அது இங்கே, எல்லார் முன்னாலும், வெளிப்பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது.

நானும் நம்பினேன். அதுதான் இன்றும் என்னைச் சுடுகிறது. என் காலை நான்தான் விரிக்கிறேன் என்று நம்பினேன். எனக்குள் வெட்கம் கெட்ட ஏதோ ஒன்று இருக்கிறது, மற்றப் பெண்களுக்கு அது இல்லை, அதனால்தான் அவர்கள் முழங்கால் நிற்கிறது என்று நினைத்தேன். இரவு படுத்தால் இரண்டு கால் பெருவிரலையும் தலைமுடி ரிப்பனால் சேர்த்துக் கட்டிக்கொள்வேன், பழக்கினால் சரியாகும் என்று. காலையில் ரிப்பன் அவிழ்ந்து கிடக்கும். அதற்கும் நான்தான் காரணம் என்று தோன்றும்.

முழங்கால் வலிக்கு வைத்தியம் நடக்காமல் இல்லை. அப்பா சாயப்பட்டறையில் வேலை செய்தார். விரல்கள் ஒரு வாரம் நீலம், ஒரு வாரம் கருஞ்சிவப்பு. அந்த விரல்களால் தைலம் தேய்த்துவிடுவார். முழங்கால் பளபளவென்று இருக்கும். பிறகு ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். முழங்காலைப் படம் எடுத்தார்கள். அங்கிருந்த டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"முட்டி நல்லா இருக்குதுங்க. ஒண்ணும் இல்ல. வெயிட்டக் குறைக்கச் சொல்லுங்க."

அப்பாவுக்கு நிம்மதி. அம்மாவுக்கு வேறு மாதிரி நிம்மதி.

"நல்லா இருக்குதாமா. வேலைக்கு வளைய மாட்டாம நொண்டறா. உக்காந்தா மட்டும் வலிக்கறதில்ல பாருங்க, நல்லா அகட்டிட்டு உக்காருறா."

"சின்னப் புள்ள, விடு" என்றார் அப்பா.

"சின்னப் புள்ளயா? நீங்க சந்துல உக்காந்து பாருங்க, யாரு என்ன பேசறாங்கன்னு தெரியும்."

அப்பா தைலக் குப்பியின் மூடியைத் திருகி வைத்தார். அத்தோடு வைத்தியம் நின்றது. நல்லா இருக்கும் முழங்காலை வைத்துக்கொண்டு நொண்டுவது பொய். நான் நொண்டாமல் நடக்கப் பழகினேன். பழகுவதென்றால் பல்லைக் கடிப்பது.

ஆனி மாதத்தில் பெரியவளானேன். ஆடி பிறந்தால் நல்ல காரியம் செய்யக் கூடாதென்று அவசரமாகச் சீர் வைத்தார்கள். தாய்மாமன் முன்னால் நின்று செய்ய வேண்டிய சீர். என் மாமன், அம்மாவின் தம்பி, காதர்பேட்டையில் ஒரு பனியன் மொத்தக் கடையில் பண்டல் கட்டுகிறவர். வெளியூர் வியாபாரிகளோடு பேசிப் பேசி இந்தியையும் கொங்குத் தமிழையும் கலந்து ஒரு பாஷை வைத்திருந்தார். சந்தை அடைத்துப் பந்தல் போட்டு, வாடகைக்கு ஒரு பெரிய சிம்மாசன நாற்காலி கொண்டுவந்து போட்டதும் அவர்தான். "இதுல உக்காந்தா என்ற மருமக ராணியாட்ட இருப்பா. அச்சா ஹை?" என்றார்.

நாற்காலியைப் பார்த்ததும் அம்மாவின் முகம் மாறியது. உயரமான நாற்காலி. எதிரே தரையில் ஒறம்பரை ஜனம், சொந்தபந்தம் எல்லாம் உட்காரும். அவர்கள் கண் இருக்கும் உயரத்தில் என் முழங்கால் இருக்கும்.

எனக்குப் புடவை கட்டிவிட அம்மா கதவைச் சாத்தினாள். கட்டுவதற்கு முன்னால் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு சுருளை எடுத்தாள். ஜட்டிக்கு இடுப்பில் வைத்துத் தைக்கிற அகல எலாஸ்டிக். கம்பெனியில் மிச்சப்பட்டது. கறுப்பில் வெள்ளை எழுத்தாக ஒரே பெயர் திரும்பத் திரும்ப நெய்தது. என்னை நிற்க வைத்து, இரண்டு முழங்காலுக்கும் மேலே சேர்த்துச் சுற்றி, இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"அம்மா, வலிக்குதும்மா."

"சித்த நேரம் கண்ணு. மாமன் மாலை போட்டுச் சீர்த் தட்டு வெச்சதும் அவுத்துடறேன். இன்னிக்கு ஒரு நாள் எனக்காக."

கெஞ்சினாள். அவள் அதட்டியிருந்தால் நான் அழுதிருப்பேன். கெஞ்சியதால் சரி என்றேன்.

குறுகிய அடி வைத்து நாற்காலி வரை போனேன். அதைக்கூட அடக்கமான நடை என்றார்கள். உட்கார்ந்தேன். எலும்பு வெளியே போகப் பார்க்கும், எலாஸ்டிக் உள்ளே இழுக்கும். நடுவில் நான். தட்டுகள் வந்துகொண்டே இருந்தன. பழம், பூ, வளையல், புடவை, கண்ணாடி. பெண்கள் ஒவ்வொருவராக வந்து சந்தனம் தொட்டு வைத்தார்கள். சந்தனம் குளிர்ச்சியாக இருந்தது, தொடை எரிந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரம்மாவும் வந்தார். குனிந்து என் கன்னத்தைத் தொட்டு, நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார்.

"பார்த்தியா அம்மிணி. புள்ளைக்கு எவ்வளவு அடக்கம் வந்துருச்சு. சாமி செலையாட்ட உக்காந்திருக்குது."

அம்மா சிரித்தாள். அப்படி அவள் சிரித்து அதுவரை நான் பார்த்ததில்லை. அந்தச் சந்தில் என்னை ஒருவர் நல்ல பெண் என்று சொன்ன முதல் முறை அது. வலியோடு வலியாக எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மாமன் மாலை போட்டார். "எந்திரிச்சு மாமன் கால்ல உழுந்து கும்புடு சாமி" என்று யாரோ சொன்னார்கள். அவிழ்க்கிறேன் என்ற அம்மா கூட்டத்தின் பின்னால் தட்டுகளோடு மாட்டிக்கொண்டிருந்தாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்தேன். ஒரு அடி வைக்கப் பார்த்தேன். வைக்க முடியவில்லை. மரம் சாய்கிற மாதிரி அப்படியே முன்னால் விழுந்தேன்.

மாமன் பாதி வழியில் என்னைப் பிடித்துவிட்டார். அந்தப் பிடி இல்லாமல் தரையில் மோதியிருந்தால் எலும்பு என்ன ஆகியிருக்கும் என்று இன்று எனக்குத் தெரியும். அன்று நினைத்ததெல்லாம் வேறு. விழுந்த வேகத்தில் முடிச்சு நழுவி எலாஸ்டிக் கணுக்காலுக்கு வந்துவிட்டது. புடவைக் கரைக்குக் கீழே, ஜட்டிக் கம்பெனியின் பெயர் வெள்ளை எழுத்தில் எல்லாருக்கும் தெரிந்தது. பக்கத்து வீட்டு அக்கா சிரித்துவிட்டாள், வேண்டுமென்று இல்லை. அவள் சிரித்ததும் இன்னும் இரண்டு பேர். பிறகு யாரும் சிரிக்கவில்லை. அது அதைவிட மோசமாக இருந்தது.

மாமன் குனிந்து எலாஸ்டிக்கைக் கழற்றித் தன் சட்டைப்பைக்குள் திணித்தார். என்னைத் தூக்கி உள்ளே கொண்டுபோய்ப் பாயில் கிடத்தினார். அம்மா பின்னால் ஓடிவந்தாள்.

"ஏனக்கா, என்ன இது?"

"அவ காலு நிக்கறதில்லடா. சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். நான் வேற என்ன பண்ணட்டும்?"

"நிக்கலீன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவாங்களா, ஜட்டி எலாஸ்டிக் போட்டுக் கட்டுவாங்களா?"

"முட்டி நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டாங்கடா."

"எனக்கு அதெல்லாம் தெரியாது. நாளைக்குக் காலையில நான் ஆட்டோ கொண்டாறேன்."

பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் என்னை உயரமான கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்தார். அம்மா தலைமாட்டில் நின்றாள், மாமன் கால்மாட்டில். டாக்டர் முதலில் நல்ல காலைப் பிடித்து, முழங்காலை மடக்கி, நெஞ்சை நோக்கி மெதுவாகத் தள்ளினார். நேராக வந்தது. பிறகு இடது காலைப் பிடித்தார். மடக்கினார். பாதி வழி வந்ததும் அது தன் வழக்கப்படி வெளிப்பக்கம் திரும்பிச் சாய்ந்தது. பாவாடை விலகியது.

அம்மாவின் கை பாய்ந்து வந்தது. முழங்காலைப் பிடித்து உள்ளே தள்ளினாள்.

"ஒடுக்கு கண்ணு. டாக்டர் முன்னால என்ன பழக்கம் இது?"

டாக்டர் அவள் கையை எடுத்துவிட்டார்.

"விடுங்கம்மா. அவளாப் பண்ணல. அவ நினைச்சாலும் ஒடுக்க முடியாது. எலும்பு விடாது."

மறுபடியும் மடக்கிக் காட்டினார். மறுபடியும் சாய்ந்தது. நகர்ந்துபோன எலும்பின் விளிம்பு, காலை மடக்கும்போது கிண்ணத்தின் ஓரத்தில் இடிக்கிறது. இடிக்காமல் மேலே வர அதற்கிருந்த ஒரே வழி வெளியே சாய்வது. பின்னாளில் கல்லூரியில் பேராசிரியர் இந்த அடையாளத்தை விளக்கி, ஒரு மாணவியைப் படுக்க வைத்துச் செய்து காட்டியபோது, வகுப்பில் எல்லாரும் குறிப்பெடுத்தார்கள். நான் துப்பட்டாவை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டேன்.

"முட்டிதானுங்க வலிக்குதுன்னு சொன்னா?" என்றார் மாமன்.

"அப்படித்தான் காட்டும். கோளாறு இடுப்புல." டாக்டர் தன் தொடையின் மேல் இடுக்கில் விரலை வைத்து என்னிடம் கேட்டார். "இங்கயும் வலிச்சிருக்குமே பாப்பா? ஏன் சொல்லல?"

நான் அம்மாவைப் பார்த்தேன்.

"முட்டின்னுதான் சொன்னேன்" என்றேன்.

இடுப்பைப் படம் எடுத்தார்கள். பார்த்ததும் டாக்டர், இனி ஒரு அடி நடக்கக் கூடாது என்று சக்கர நாற்காலி கொண்டுவரச் சொன்னார். எலும்பு இன்னும் முழுதாக நழுவவில்லை, இப்போதே திருகாணி வைத்து நிறுத்திவிடலாம் என்றார். அப்படியே செய்தார்கள். இன்று அந்தக் கால் கொஞ்சம் குட்டை, செருப்புக்குள் ஒரு அட்டை வைத்தால் யாருக்கும் தெரியாது.

வார்டில் அம்மா ஒரு நர்சிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

"ஏனுங்க, இறுக்கிக் கட்டுனா இப்பிடி ஆகுங்களா?"

"எதைக் கட்டினா?"

"இல்லீங்க. சும்மா கேட்டேன்."

கட்டியதால் நழுவவில்லை. அதற்கு வெகு முன்பே நழுவத் தொடங்கியிருந்தது. கட்டியது நன்மையும் செய்யவில்லை. இதற்குமேல் நேர்மையாக என்னால் சொல்ல முடியாது. அம்மா என்னிடம் கேட்டால் இதைத்தான் சொல்வேன். அவள் இதுவரை கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஆடிக்காற்று சந்தில் ஊதிக்கொண்டிருந்தது. பனியன் பஞ்சு சுவரோரம் உருண்டு ஓடியது. என்னைக் கதவுக்கு உள்ளே கட்டிலில் படுக்க வைத்தார்கள். அக்குளில் கொடுத்து நடக்கும் கட்டைகள் சுவரில் சாய்ந்திருந்தன. வெளியே மதியப் பிசிர் வேலை நடந்துகொண்டிருந்தது, எனக்காகக் கம்பெனிக்கு லீவு போட்ட அம்மாவும் அதில் இருந்தாள். பாதித் திறந்த கதவு வழியாக எனக்கு எல்லாம் தெரிந்தது.

வீட்டுக்காரம்மா ஒரு பை ஆரஞ்சோடு வந்தார்.

"எப்பிடி இருக்குது புள்ள? உழுந்ததுல ஒடைஞ்சு போச்சாமா?"

"உழுந்ததுல இல்லீங்க" என்றாள் அம்மா. "மொதல்லயே நழுவிப் போச்சுங்க. அதனாலதானுங்க காலு அப்பிடிப் போச்சு."

"எப்பிடி?"

அம்மா கத்தரியைக் கீழே வைத்தாள். மடியில் இருந்த பனியன்களை ஒதுக்கினாள். சந்தின் நடுவில் நகர்ந்து உட்கார்ந்து, கையைப் பின்னால் ஊன்றி, சாய்ந்தாள். புடவையை முழங்காலுக்கு மேலே தூக்கிவிட்டாள். அவள் கெண்டைக்கால் எவ்வளவு வெளுப்பு என்று நான் அன்றுதான் பார்த்தேன்.

"பாருங்க. எனக்கு மடக்குனா நேரா வருது. அவளுக்கு இவ்வளவுதானுங்க வரும். அதுக்கு மேல வந்தா," என்று சொல்லித் தன் இடது முழங்காலை வெளிப்பக்கம் முழுதாகச் சாய்த்தாள், "இப்பிடி. எலும்பு இடிக்குதுங்க. அவளாப் பண்றதில்லீங்க."

வீட்டுக்காரம்மா வேறு பக்கம் பார்த்தார்.

"சரி, சரி. புடவைய எறக்கிக்க அம்மிணி."

"நல்லாப் பார்த்துக்கோங்க. இன்னொருக்கா மடக்கறேன்."

"அம்மா" என்றேன் கட்டிலிலிருந்து. "போதும்மா. உள்ள வாம்மா." எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவள் திரும்பவில்லை.

அப்போது சந்துமுனையில் அப்பாவின் சைக்கிள் வந்தது. கைப்பிடியில் சாப்பாட்டுத் தூக்கு. அவர் நடுச்சந்தில் அம்மா உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்தார். ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார். பிறகு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அம்மாவும் அவரைப் பார்த்தாள். அவள் கை புடவைக் கரைக்குப் போனது, கரையைப் பிடித்தது, அங்கேயே நின்றது. இறக்கவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா ஈரக் கையோடு குழாயடியிலிருந்து வந்தாள். "என்னாச்சுங்கக்கா? எல்லாரும் என்ன பாக்கறீங்க?"

"வா கண்ணு, நீயும் உக்காரு" என்றாள் அம்மா. மறுபடியும் முதலிலிருந்து, காலை நீட்டி வைத்து, மெதுவாக மடக்க ஆரம்பித்தாள்.